படுத்தவருக்குப் புண் வேண்டாம், பார்ப்பவருக்கு இடுப்பு வலி வேண்டாம்

மழைக் காலம் வந்தால் லயத்துப் படிக்கட்டெல்லாம் பாசி பிடித்துவிடும். பீலிக்குத் தண்ணி எடுக்கப் போகும் வயதானவர்கள் வழுக்கி விழுவது நம் தோட்டங்களில் அடிக்கடி நடக்கும் காரியம். விழுந்தவர் எழுந்து நிற்க முடியாமல், ஒரு கால் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்புப் பக்கத்தில் எலும்பு முறிந்திருக்கலாம். எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். "நடந்து பாருங்க" என்று தூக்கி நிறுத்தவும் வேண்டாம். அசையாமல் படுக்க வைத்து, கம்பளியால் போர்த்தி, 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 2016இல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் காசு கிடையாது.

ஆஸ்பத்திரியில் வைத்தியம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் குடும்பத்தின் வேலை ஆரம்பமாகிறது. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவர் உள்ள வீட்டிலும் இதே நிலைமைதான். ஆகவே வீட்டில் செய்யவேண்டியதை இங்கே விளக்குகிறோம்.

படுக்கைப் புண் ஏன் வருகிறது?

நாம் தூங்கும்போது நம்மை அறியாமலே புரண்டு படுக்கிறோம். நோயாளியால் அது முடியாது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் சதை நசுங்கி, அந்த இடத்துக்கு இரத்தம் போவது நின்றுவிடுகிறது. சில மணி நேரத்திலேயே தோல் கெட ஆரம்பிக்கும். முதுகின் அடிப்பகுதி, இடுப்பு எலும்பு, குதிகால், முழங்கை, தோள்பட்டை, பின்னந்தலை ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அதனால் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, பக்கத்துத் தோலைவிடக் கறுத்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் கூடாது. அது சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தையும் தடுக்கும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதே முதல் மருந்து. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிகால் படுக்கையில் படாமல் விடுங்கள். ஈரத்துணியை உடனே மாற்றுங்கள்.

திருப்புவது எப்படி?

கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் விடுங்கள். எந்தப் பக்கம் திருப்பப் போகிறீர்களோ அந்தப் பக்கம் நில்லுங்கள். முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்: "அம்மா, இப்ப உங்கள என் பக்கமா திருப்பப் போறேன்." அவரது தூரத்துக் கையை நெஞ்சின் மேல் வைத்து, தூரத்து முழங்காலை மடக்குங்கள். ஒரு கையை அந்தத் தோளிலும் மறு கையை இடுப்பிலும் வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி, உங்கள் உடம்பைப் பின்னால் சாய்த்து மெதுவாகத் திருப்புங்கள். பிறகு முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. இடுப்பில் ஒப்பரேஷன் செய்தவரென்றால் எந்தப் பக்கம் படுக்கலாம், காலை எந்த அளவு மடக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் கேட்ட பிறகே செய்யுங்கள்.

நோயாளி படுக்கையில் கீழே சரிந்துவிட்டால் கக்கத்தில் கை கொடுத்து இழுக்காதீர்கள். தோல் உரியும். பாரிசவாதக் கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டே விலகிவிடும். பழைய சேலையை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை அடியில் விரியுங்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று, ஓரத்தை உடம்புக்குக் கிட்டச் சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் மேலே நகர்த்துங்கள்.

பார்ப்பவரின் இடுப்பு

காலை முழுக்க மலையில் கூடை சுமந்த இடுப்பு இது. இன்னும் கெடுக்கலாமா? கொழுந்து மூட்டையைப் பழகின ஆள் எப்படித் தூக்குவார் என்று பாருங்கள். உடம்போடு அணைத்துத்தான் தூக்குவார். பாரம் உடம்பை விட்டுத் தள்ளிப் போகப் போக முதுகெலும்புக்குச் சுமை கூடும். நோயாளிக்கும் இதே கணக்குத்தான். கால்களை அகட்டி நில்லுங்கள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். இடுப்பைத் திருகாமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். பாயில் படுத்திருப்பவரென்றால் குனியாமல், ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து செய்யுங்கள். தனி ஆளாக முழுப் பாரத்தையும் தூக்கவே வேண்டாம்.

மூட்டு இறுகாமல் இருக்க

அசைக்காத மூட்டு இறுகிப்போகும். காலையிலும் மாலையிலும் விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால், கணுக்கால் ஒவ்வொன்றையும் பத்துத் தடவை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். வலி எடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒப்பரேஷன் செய்த காலை மட்டும் ஆஸ்பத்திரியில் சொன்னபடியே அசைக்கலாம்.

எழுந்திருக்கலாம் என்று வைத்தியர் சொன்ன பிறகு, முதலில் கட்டில் ஓரத்தில் சில நிமிடம் உட்கார வையுங்கள். திடீரென்று எழுந்தால் தலை சுற்றும். ஊன்றுகோலை நோகாத காலின் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கோலும் நோகும் காலும் முதலில். பக்கத்தில் ஆள் இல்லாமல் படியில் விட வேண்டாம்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு?

தோல் உடைந்து புண்ணானால், புண்ணில் நாற்றம் வந்தால், காய்ச்சல் அடித்தால் தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடம் உடனே சொல்லுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தம் கட்டியிருக்கலாம். அதைத் தேய்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990ஐ அழையுங்கள்.

யார் பார்ப்பது?

எல்லாரும் மலைக்குப் போய்விட்டால் பகலில் இரண்டு மணிக்கொரு தடவை யார் திருப்புவது? இந்தக் கேள்விக்கு அநேக வீடுகளில் ஒரே பதில்தான்: மருமகள் பேரை விட்டுவிட்டு வீட்டில் நிற்கிறாள். அவளுடைய நாள் சம்பளமும் போகிறது, இடுப்பும் போகிறது. இது ஒரு பெண் தனியாகச் சுமக்கும் பாரமல்ல. வேலையிலிருந்து ஓய்வு பெற்று லயத்தில் இருப்பவர்கள், பக்கத்துக் காம்பராக்காரர்கள், வீட்டு ஆண்கள் எல்லாரும் முறை வைத்துக்கொள்ளலாம். ஒரு அட்டையில் நேரத்தை எழுதிச் சுவரில் மாட்டி, இடது, முதுகு, வலது என்று திருப்பினவர் குறித்துவைக்கட்டும். திருப்ப ஐந்து நிமிடம் போதும். வந்த புண் ஆற மாதக்கணக்காகும். இன்றைக்கே பக்கத்து வீட்டாரோடு உட்கார்ந்து முறையைப் பேசிக்கொள்ளுங்கள்.