வேம்படியில் ஒரு கோடை

சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் தொழிலாக நிலைபெற, மழை குறைந்த வறண்ட காலநிலை துணைநின்றது. அதே வறட்சியை உயிரினங்கள் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதை அறிய, நாரணாபுரத்தின் கொல்லைப்புற வேப்பமரம் ஒன்றே போதும்.

பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கிறது, தேனீக்கள் மொய்க்கின்றன. ஆண் ஓணானின் தொண்டை சிவக்கிறது. குருதி குடிப்பதால் சிவக்கிறது என்பது வீண்பழி. அஃது இணைசேரும் பருவத்தின் நிறம். நண்பகலில் காகம் அலகைத் திறந்து மூச்சிரைக்கிறது. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாயிலும் தொண்டையிலும் உள்ள ஈரம் ஆவியாவதாலேயே உடற்சூடு தணிகிறது. இழந்த நீரை அவை மீண்டும் பெற்றாக வேண்டும். துவைகல்லருகே தேங்கும் நீருக்குக் கோடையில் அத்தனை மதிப்பு!

இவ்வெயிலிலேதான் காகம் கூடு கட்டுகிறது. ஓயாது கூவுவது ஆண்குயில். பெண்குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. காக்கை முட்டை பொரிய ஏறத்தாழ 16 நாள்கள் ஆகும். குயில் முட்டைக்கு 12 முதல் 14 நாள்களே போதும். முந்திப் பிறந்த குஞ்சு இரையிலும் முந்திக்கொள்கிறது.

இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996 வரை ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் எழுதிய பத்தியில், காட்டு விலங்குகளோடு வீட்டருகே வாழும் உயிர்களும் இடம்பெற்றன. முதற்பூ, முதற்கூவல், முதற்கூடு ஆகியவற்றை நாளிட்டுக் குறித்தால்தான் ஓராண்டை மற்றோராண்டோடு ஒப்பிட இயலும். நினைவு பெரும்பாலும் ஏமாற்றிவிடும்.

ஆனியில் வேப்பம்பழங்கள் உதிர்கின்றன. அப்போது, பறக்கப் பழகிய குயில்குஞ்சு காகத்தின் பின்னால் சென்று இரை கேட்டுக் கத்துவதைக் காணலாம்.