"இஎம்ஐ இல்லாத கார்" என்று நான் நம்பிய பொய்: ஒரு பழைய டீசல் காரின் 4 வருஷக் கணக்கு

பழைய கார் வாங்குறது பத்தி நம்ம சேனல்ல போட்ட வீடியோவில், "என் டீசல் காரை ஒருவழியா தள்ளிவிட்டேன், அது பெரிய கதை" என்று ஒரு வரி சொல்லிட்டு நகர்ந்துட்டேன். அந்தக் கதைதான் இது. சொல்ல கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு. ஊருக்கெல்லாம் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற ஒரு ஆடிட்டர், தன் வீட்டு வாசல்ல நின்ன காருக்கு நாலு வருஷம் கணக்கே எழுதல.

முதல்ல, நான் ஏன் டீசல் பக்கம் போனேன்னு சொல்லிடறேன். 2010 ஜூன்ல பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசு எடுத்துட்டாங்க. டீசலுக்கு அது 2014 அக்டோபர்லதான் நடந்தது. நடுவில் இருந்த அந்த நாலு வருஷம்தான் டீசல் காரின் பொற்காலம். 2012ல ஒரு கட்டத்தில் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல வித்தியாசம். ஆபீஸ்ல, கல்யாண வீட்டுல, எங்க போனாலும் "டீசல் எடு, மைலேஜ் பிச்சுக்கும்" என்பதுதான் பேச்சு. சிஏ முடிச்சு வேலைக்குச் சேர்ந்த புதுசு, 2013. 2.6 லட்சத்துக்கு ஒரு பழைய டீசல் ஹேட்ச்பேக் வாங்கினேன். மூணாவது வருஷம் டர்போ போச்சு. 2017ல அதை வித்தேன். அதோட புத்தி வந்திருக்கணும். வரல. 2018ல இன்னொரு டீசல்! 2014 மாடல் செடான், 62,000 கிலோமீட்டர் ஓடினது, 4.9 லட்சம், லோன் கிடையாது, முழுக்க கைக்காசு. கம்பெனி பேர் சொல்ல மாட்டேன். அதே மாடலை 2 லட்சம் கிலோமீட்டர் ஓட்டிட்டு சந்தோஷமா இருக்கிறவங்களும் இருக்காங்க.

இங்க ஒரு விஷயத்தை கவனிங்க. வீடு குரோம்பேட்டை, ஆபீஸ் நுங்கம்பாக்கம். தினமும் நான் போறது மின்சார ரயிலில். கார் எடுக்கிறது ஞாயிற்றுக்கிழமை, அப்புறம் மாசம் ஒருமுறை விழுப்புரத்துல இருக்கிற அப்பாவைப் பார்க்க. வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர் தாண்டினதே இல்ல. இந்த ஒரு நம்பரை காரை வாங்குறதுக்கு முன்னாடி பேப்பர்ல எழுதியிருந்தா இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

எழுதிப் பார்ப்போமா? பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 92.50 என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் கார் 15 கிலோமீட்டர் கொடுக்குது, டீசல் 20 கொடுக்குது. அப்போ ஒரு கிலோமீட்டருக்கு பெட்ரோல் செலவு 6.73 ரூபாய், டீசல் 4.63. மிச்சம் 2.10. நல்ல மிச்சம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அதே காரின் டீசல் மாடல் 1.3 லட்சம் அதிக விலைன்னா, அந்தக் கூடுதல் காசை மீட்கவே சுமார் 62,000 கிலோமீட்டர் ஓட்டணும். என்னை மாதிரி வருஷம் 8,000 ஓட்டுறவனுக்கு ஏழே முக்கால் வருஷம். தினமும் ஹைவேல போய் வருஷம் 25,000 ஓட்டுற மெடிக்கல் ரெப்புக்கு ரெண்டரை வருஷம். அவருக்கு டீசல் சரி, எனக்கு இல்ல. இதுவும் கார் ஒரு ரிப்பேரும் வைக்காம ஓடினாத்தான்.

அந்த "ரிப்பேர் வைக்காம" என்ற இடத்துலதான் என் கணக்கு கவிழ்ந்தது.

உங்க கார் டயர்ல இருக்கிற காற்றழுத்தம் சுமார் 2.2 பார். சாதாரண பெட்ரோல் இன்ஜினில் எரிபொருளை அடிக்கிற அழுத்தம் 3, 4 பார். இப்போதைய டீசல் இன்ஜினில் அது 1,600 பார், சிலதுல 2,000 பாருக்கும் மேல. அந்த அழுத்தத்தை உண்டாக்குற பம்ப், அதைத் தாங்கி டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர், ரெண்டுமே ரொம்ப நுணுக்கமான பாகங்கள். டீசல்ல கொஞ்சம் தண்ணி கலந்திருந்தாலும், தூசி போனாலும் அதுங்களுக்குத் தாங்காது. கூடவே டர்போ, புகையைத் திருப்பி உள்ளே விடற இஜிஆர் வால்வு. பல டீசல் கார்ல அதிர்வை அடக்க ஒரு ஸ்பெஷல் ஃப்ளைவீல் வேற. ஒவ்வொண்ணும் தனித்தனியா நல்ல பொருள்தான். எட்டு, பத்து வருஷம் ஆன பிறகு ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வரிசையில நின்னு பில் கொடுக்கும். பழைய டீசல் கார் மார்க்கெட்ல "நல்ல ரேட்டு"க்கு கிடைக்குதுன்னா, வரப்போற அந்த பில்லுகளுக்கு விக்கிறவர் கொடுக்கிற டிஸ்கவுன்ட்தான் அது.

எனக்கு 2021ல ஆரம்பிச்சது. கொரோனா நேரத்துல மாசக்கணக்கா நின்ன வண்டி. ரெண்டு இன்ஜெக்டர், 38,000. 2022ல கிளட்சும் ஃப்ளைவீலும், 62,000. 2023ல ஏசி கம்ப்ரஸர் 27,000, அதே வருஷம் இஜிஆர் கிளீனிங் 6,500. 2024 மார்ச்ல டர்போ, 58,000. ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் அண்ணன் ஒரே வசனம்தான் சொல்வார்: "இதைப் போட்டுட்டா வண்டி இன்னும் அஞ்சு வருஷம் பேசாம ஓடும் தம்பி." அவர் ஏமாத்தல. அவர் மாத்தின பாகம் உண்மையிலேயே அஞ்சு வருஷம் ஓடும். மத்த பாகங்களைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லல, நானும் கேட்கல.

சரி, அந்த ராத்திரிக்கு வரேன். 2024 டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சு ஏழு மாசம், திங்கட்கிழமை காலையில சென்னையில டாக்டரைப் பார்க்கணும். சாயங்காலம் விழுப்புரத்துல இருந்து அவரைக் கூட்டிக்கிட்டு கிளம்பினேன். மேல்மருவத்தூர் தாண்டினதும் ஆக்சிலரேட்டர் மிதிச்சா வண்டி இழுக்கல. டேஷ்போர்டுல மஞ்சள் லைட். ஓரம் கட்டறதுக்குள்ள இன்ஜின் ஆஃப். மணி 9.40. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது ரோட் சைடு அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் சில நூறு ரூபாய்தான், அதை வேணாம்னு டிக் எடுத்துவிட்டவன் நான்தான். லாரிகள் வர்ற வேகத்துக்கு கார் ஆடுது. உள்ளே உட்கார வைக்க பயமா இருந்ததால அப்பாவை ரோட்டை விட்டுத் தள்ளி, துணிப்பை மேல உட்கார வச்சேன். என் மனைவி வீட்டுல இருந்தே போன் மேல போன் போட்டு செங்கல்பட்டுல இருந்து ஒரு டாக்ஸி ஏற்பாடு பண்ணி, அது வந்து சேர 11.30 ஆச்சு. அந்த ரெண்டு மணி நேரத்துல அப்பா ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "பஸ்ல வந்திருந்தா இந்நேரம் வீட்டுல படுத்திருப்போம்டா."

திட்டியிருந்தாக்கூட தேவலை.

வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் போனதுக்கு 5,500. ரெண்டு நாள் கழிச்சு எஸ்டிமேட் வந்தது: ஹை பிரஷர் பம்ப் உள்ளே தேய்ஞ்சு, உலோகத் துகள் லைன் முழுக்கப் பரவியிருக்கு. பம்ப், லைன் கிளீனிங், இன்ஜெக்டர் செக்கப் எல்லாம் சேர்த்து 92,000. சாதாரண கார் இன்சூரன்ஸ்ல இந்த மாதிரி மெக்கானிக்கல் பழுதுக்கு ஒரு பைசா கிடைக்காது. விபத்து, திருட்டு, வெள்ளம் மாதிரியான சேதத்துக்குத்தான் அது.

உண்மையைச் சொல்றேன், நான் "சரி, பண்ணிடுங்கண்ணே" என்று சொல்ல இருந்தேன். இவ்வளவு போட்டாச்சு, டர்போ புதுசு, கிளட்ச் புதுசு, இப்போ போய் விக்கிறதா? சீட்டாட்டத்துல "விட்டதைப் பிடிக்கிறேன்" என்று உட்கார்றவன் மாதிரியான புத்தி. அப்போ என் மனைவி கேட்டது: "உங்க கிளையன்ட் ஒருத்தர் மெஷினுக்கு இப்படி செலவு பண்ணிட்டு வந்து நின்னா, நீங்க என்ன சொல்லுவீங்க?"

அன்னிக்கு ராத்திரிதான் யுபிஐ ஹிஸ்டரி, வாட்ஸ்அப்ல வந்த பில் போட்டோ எல்லாத்தையும் தேடி எடுத்து எக்செல்ல போட்டேன். நாலு வருஷத்துல பெரிய ரிப்பேர் மட்டும் 1,91,500. மாசத்துக்குப் பிரிச்சா கிட்டத்தட்ட 4,000. இந்த 92,000த்தையும் சேர்த்தா மாசம் 5,900. சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ், வண்டி ஷெட்ல நின்ன நாள்ல எடுத்த டாக்ஸி எதுவும் இதுல இல்ல. "என் கார் இஎம்ஐ இல்லாத கார்" என்று நண்பர்கள்கிட்ட பெருமையா சொல்லிட்டிருந்தவன், நாலு வருஷமா இஎம்ஐ கட்டிட்டுத்தான் இருந்திருக்கேன். என்ன, பேங்க்குக்குப் பதிலா ஷெட்டுக்கு. அதுவும் தேதி தெரியாத இஎம்ஐ. நியாயமாப் பார்த்தா ஏசி கம்ப்ரஸர் பெட்ரோல் கார்லயும் போகும், அந்த 27,000த்தை டீசல் தலையில கட்ட மாட்டேன். அதைக் கழிச்சாலும் 1,64,500. அதே நாலு வருஷம் டீசல் போட்டு நான் மிச்சம் பிடிச்சது, தாராளமா கணக்குப் போட்டாலும் 67,000 ரூபாய்.

ஆனா இந்த 1,91,500 ரூபாயை வச்சு முடிவெடுக்கக் கூடாது. அது போன காசு. ரிப்பேர் பண்ணினாலும் வராது, வித்தாலும் வராது. நான் கேட்டுக்கிட்ட கேள்வி வேற. இப்போ இருக்கிற நிலையில் வண்டிக்கு 1.1 லட்சம் தர ஒருத்தர் தயார். 92,000 போட்டு ஓடற நிலைக்குக் கொண்டுவந்தா 1.9 லட்சம் போகும். அதாவது 92,000 செலவுக்கு மதிப்பு கூடறது 80,000தான். சரி, விக்காம நானே ஓட்டினா? இப்படி யோசிச்சேன்: இந்தக் கார் என்கிட்ட இல்ல. கையில 2,02,000 ரூபாய் இருக்கு, அதாவது 1.1 லட்சமும் 92,000மும். இந்தக் காசைக் கொடுத்து, இன்னும் ரெண்டு இன்ஜெக்டர் பழசா இருக்கிற, பத்து வருஷம் ஆன இந்த டீசல் காரை இன்னிக்கு நான் வாங்குவேனா? பதில் அரை நொடியில வந்தது.

விக்கும்போது ஒரு சோதனை வந்தது. தெரிஞ்ச ஒருத்தர், "பழைய பம்ப் ஒண்ணைப் போட்டு, ஸ்கேனர்ல எரர் கோடை அழிச்சிட்டா லைட் வராது, 1.7க்குத் தள்ளிடலாம்" என்றார். 60,000 ரூபாய் கூட. நான் மறுத்தேன். மகான் எல்லாம் இல்ல. மேல்மருவத்தூர் பக்கத்துல வேற யாரோட அப்பாவோ பை மேல உட்கார்ந்திருக்கிறது கண்ணுல வந்துச்சு. பழுதை எழுதிக் கொடுத்தே 1.1 லட்சத்துக்கு ஒரு டீலர்கிட்ட வித்தேன்.

வித்தவுடனே என் மாதிரி வேலை முடிஞ்சதுன்னு உட்கார்ந்துடாதீங்க. ஃபார்ம் 29, 30ல கையெழுத்து போட்டுக் கொடுத்தா மட்டும் போதாது, ஆர்சியில பேர் மாறுற வரைக்கும் சட்டப்படி ஓனர் நீங்கதான். வித்தவரும் 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும். கார் பல கை மாறிப்போன பிறகு நடந்த விபத்துக்கும், ஆர்சியில பேர் இருக்கிறவர்தான் பொறுப்புன்னு 2018ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. ஃபாஸ்டேகை மூடுங்க. கிளெய்ம் பண்ணாம வச்சிருந்த நோ கிளெய்ம் போனஸ் காருக்கு சொந்தமில்ல, உங்களுக்கு சொந்தம். பழைய இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட கடிதம் வாங்கினா மூணு வருஷத்துக்குள்ள அடுத்த காருக்கு மாத்திக்கலாம். ஐந்து வருஷமா கிளெய்ம் இல்லாததால எனக்கு 50 சதவீதம் இருந்தது. இத்தனை ரிப்பேர்ல கிடைச்ச ஒரே லாபம். அப்புறம், சம்பளக்காரங்க அடிக்கடி கேட்கிறது: 4.9க்கு வாங்கி 1.1க்கு வித்த நஷ்டத்தை இன்கம் டேக்ஸ்ல காட்டலாமா? முடியாது. சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற கார் மூலதனச் சொத்துக் கணக்குல வராது. லாபம் வந்தா வரி இல்ல, நஷ்டம் வந்தா ஆறுதலும் இல்ல.

நான் அடுத்து வாங்கினது மூணு வருஷம் ஆன பெட்ரோல் ஹேட்ச்பேக், 28,000 கிலோமீட்டர், 5.4 லட்சம். கையில 2.9 போட்டு, மீதி 2.5 லட்சத்துக்கு 12 சதவீதத்துல 36 மாச லோன். இஎம்ஐ 8,304. மொத்த வட்டி சுமார் 49,000. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடக் கூடாதுன்னு தெரிஞ்சேதான் இந்த வட்டியை ஏத்துக்கிட்டேன். புது கார் பார்க்கிறவங்களுக்கு ஒரு தகவல்: 2025 செப்டம்பர் 22ல இருந்து 4 மீட்டருக்குள்ள இருக்கிற, 1,200 சிசி வரை பெட்ரோல், 1,500 சிசி வரை டீசல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். சின்ன டீசலும் விலை குறைஞ்சதால இப்போ மறுபடி ஆசை வரும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் கார்ல புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கும். அதுல சேர்ற கரி எரியணும்னா இன்ஜின் நல்லா சூடாகி, நிக்காம கொஞ்ச தூரம் ஓடணும். வீட்டுல இருந்து மார்க்கெட், மார்க்கெட்ல இருந்து ஸ்கூல்னு ஓட்டினா அது அடைச்சுக்கும். உங்க ஓட்டம் எப்படின்னு உங்களுக்குத்தான் தெரியும்.

புது காருக்கு முதல் நாளே எக்செல் ஷீட் திறந்துட்டேன். முதல் வருஷம்: ஒரு சர்வீஸ் 6,200, ஒரு பஞ்சர் 150. ரோட் சைடு அசிஸ்டன்ஸ் டிக் போட்டாச்சு.

அப்பாவை இப்பவும் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை செக்கப்புக்குக் கூட்டிட்டு வரேன். "சத்தமே இல்லையேடா, ஓடுதா?" என்று முதல் தடவை கேட்டார். மேல்மருவத்தூர் வர்ற வரைக்கும் பேச்சு கொடுத்துக்கிட்டே வருவார், அந்த இடம் தாண்டினதும் தூங்கிடுவார். ஆனா கிளம்பும்போது பையில ஒரு டார்ச் லைட்டும் தண்ணி பாட்டிலும் வைக்கிறதை மட்டும் அவர் இன்னும் விடல.