நேர வலயச் சூழல் மாறி (டிஇசட்)

டிஇசட் என்பது யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒரு நிரல் எந்த இடத்தின் நேரத்தைக் காட்ட வேண்டும் என்பதைக் குறிக்கும் சூழல் மாறி ஆகும். இதன் பெயர் இரண்டே ரோமன் பெரிய எழுத்துகள் கொண்டது. இயங்குதளத்தின் கரு 1970 சனவரி 1 முதல் கழிந்த நொடிகளை உலகப் பொது நேரத்தின்படி (யூடிசி) எண்ணி வருகிறது. அதை உள்ளூர் நேரமாக மாற்றிக் காட்டுவது நிரல்களின் வேலை. இம்மாறி அமைக்கப்படாவிட்டால் நிரல்கள் கணினிக்கான பொது நேர வலய அமைப்பைப் பின்பற்றும்.

சூழல் மாறிகள் 1979இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இன்றைய வடிவம் பெற்றன. ஷெல்லில் 'எக்ஸ்போர்ட்' கட்டளையால் அறிவிக்கப்படும் மாறி, அந்த ஷெல் தொடங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் நகலாகச் செல்கிறது. நகலில் மதிப்பு மட்டுமே இருக்கும். எந்தக் கோப்பில், எதற்காக அது எழுதப்பட்டது என்ற செய்தி இருக்காது. 'என்வ்' கட்டளையும் மதிப்பைத்தான் காட்டும்.

இந்தியாவுக்கான மதிப்பு

இந்தியா முழுமைக்கும் உரிய மதிப்பு 'ஆசியா/கொல்கத்தா' (ரோமன் எழுத்தில் இடப்படும்). சென்னையின் பெயரில் தனி வலயம் இல்லை. ஆனால் நேர வலயத் தரவுத்தளத்தில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் நெடுவரையைக் கொண்டு கணிக்கப்பட்ட மதராஸ் நேரமே 19ஆம் நூற்றாண்டில் இந்திய ரயில்வேயின் பொது நேரமாக இருந்தது. அம்பத்தூர், ஆவடி வழியாகச் செல்லும் பாதையும், 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம்–வாலாஜா இருப்புப்பாதையின் பகுதி, அதில் அடங்கும். இதனால் கொல்கத்தாவின் பெயரிலுள்ள வலயத்தில் 1900ஆம் ஆண்டின் ஒரு நாளைக் கேட்டால், உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 10 நொடி முந்திய மதராஸ் நேரமே விடையாகக் கிடைக்கும். 1906 சனவரி 1 முதல்தான் ஐந்தரை மணி.

வழக்கமான பிழைகள்

'ஐஎஸ்டி' என்று மட்டும் எழுதுவது மிகவும் ஏமாற்றும் பிழை. லினக்ஸ் கணினிகளில் பொதுவாகப் பயன்படும் க்னூ சி நூலகம், அந்தப் பெயரில் வலயம் கிடைக்காதபோது பிழைச்செய்தி தருவதில்லை. உலகப் பொது நேரத்தைக் காட்டி, அதன் அருகே 'ஐஎஸ்டி' என்றும் அச்சிடுகிறது. பார்ப்பவர் இந்திய நேரம் என்றே நம்புவார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மூன்று ஷிப்டு ஓடும் பட்டறை ஒன்றில் வருகைப் பதிவுக் கணினி இப்படி அமைக்கப்பட்டதாகக் கொள்வோம். சூன் 1 அதிகாலை 2 மணிக்குப் பதியும் தொழிலாளியின் வருகை மே 31 இரவு 8.30 என்று ஏறும். அவருடைய மிகைநேரக் கூலி முந்தைய மாதக் கணக்கில் சேர்ந்துவிடும்.

இன்னொரு பிழை குறியீட்டில் நேர்வது. பாசிக்ஸ் தரப்படி வித்தியாசத்தைக் கையால் எழுதும்போது குறி தலைகீழ்: கிரீன்விச்சுக்குக் கிழக்கே உள்ள இடங்களுக்குக் கழித்தல் குறி. 'ஐஎஸ்டி-5:30' சரியானது. இயல்பாகத் தோன்றும் கூட்டல் குறியை இட்டால் கடிகாரம் 11 மணி நேரம் பின்தங்கும். சரியான வரியைப் பிழையென நினைத்து அடுத்து வருபவர் திருத்திவிடுவதும் உண்டு. வலயப் பெயரைப் பயன்படுத்துவதே நல்லது.

எழுதும் இடமும் குறிப்பும்

ஒரு நிரலுக்கு மட்டும் வேறு நேரம் தேவையெனில், கட்டளைக்கு முன்னால் அதே வரியில் மாறியை எழுதினால் போதும். பயனருக்கு நிலையாக வேண்டுமெனில், உள்நுழையும்போது ஷெல் படிக்கும் 'புரொஃபைல்' கோப்பில் எழுதலாம். அங்கே '#' குறியிட்டு மதிப்பை விளக்குவதைவிடக் காரணத்தை எழுதுவதே பயன் தரும். "இந்திய நேரம்" என்ற குறிப்பு புதிதாக எதையும் சொல்வதில்லை, "ஷிப்டு அறிக்கை இதை நம்புகிறது, மாற்றினால் கூலிப் பட்டியலைச் சரிபார்க்கவும்" என்பது சொல்கிறது. எந்தெந்த நிரல்கள் இக்கோப்பைப் படிப்பதில்லை என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். குறிப்பாக, 'கிரான்' குறித்த நேரத்தில் இயக்கும் பணிகள் பயனரின் புரொஃபைல் கோப்பைத் தாமாகப் படிப்பதில்லை. கையால் ஓட்டும்போது சரியாக வரும் அறிக்கை, இரவில் தானே ஓடும்போது ஐந்தரை மணி நேரம் பிசகுவதற்கு இது அடிக்கடி காணப்படும் காரணம்.