காதல் கதையும் கடைவீதியும்

காதல் நாவலை இலேசான பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடும் வழக்கம் பண்டிதர்களிடையே எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தபோதிலும், சென்ற பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்கப் பதிப்புத் தொழிலின் அஸ்திவாரத்தை அசைத்துக் காட்டியவர்களில் முதன்மையானவர்கள், அத்தகைய நாவல்களை எழுதித் தாமே பிரசுரித்த பெண்கள்தாம். 1908ல் லண்டனில் தோன்றிய மில்ஸ் அண்ட் பூனும், 1949ல் கனடாவின் வின்னிபெக் நகரில் தோன்றிய ஹார்லிக்வினும், கதாநாயகி எத்தகையவளாக இருக்க வேண்டும், புத்தகம் எத்தனை பக்கம் செல்ல வேண்டும் என்றெல்லாம் நெடுங்காலம் விதித்து வந்தன. அவை வேண்டாமென்ற கைப்பிரதி பெரும்பாலும் மேஜை இழுப்பறையிலேயே உறங்கிற்று.

2007 நவம்பரில் அமேசான் நிறுவனம் கிண்டில் என்னும் வாசிப்புக் கருவியை வெளியிட்டபோதே, எழுதியவர் எவராயினும் தம் நூலை நேராக ஏற்றி விற்கும் வசதியையும் உடன் அளித்தது. ஆயினும், 2.99 டாலர் முதல் 9.99 டாலர் வரை விலையிட்ட நூல்களில் நூற்றுக்கு 70 பங்கு ஆசிரியருக்கே என்று 2010 ஜூன் இறுதியில் விதி மாறிய பிறகே, பதிப்பகங்கள் மின்னூலின் நிகர வரவில் கால் பங்கை ராயல்டியாகத் தந்துவந்த சம்பிரதாயம் எழுத்தாளர்களுக்கு உறுத்தத் தொடங்கியது.

மின்னசோட்டா மாநிலத்தின் ஆஸ்டின் என்ற ஊரில், மாற்றுத்திறனாளிகள் இல்லமொன்றில் பணியாற்றிக்கொண்டு, திரும்பி வந்த கைப்பிரதிகளைச் சேர்த்து வைத்திருந்த அமாண்டா ஹாக்கிங், சிகாகோவில் நடக்கவிருந்த மப்பெட் பொம்மைக் கண்காட்சிக்குப் போய்வர 300 டாலர் கிடைத்தால் போதுமென்று 2010 ஏப்ரலில் தம் அமானுஷ்யக் காதல் கதைகளை ஏற்றத் தொடங்கினார். ஓராண்டு முடியுமுன் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றுப்போய், 2011 மார்ச்சில் செயின்ட் மார்ட்டின்ஸ் பதிப்பகம் நான்கு நாவல்களுக்கு இருபது லட்சம் டாலர் தர முன்வந்தது. தனியாகவே பெரும் பொருள் ஈட்டியவர் அதை ஏற்றதற்குக் காரணம், கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் அட்டை தயாரிப்பதும் பிழைதிருத்துவோரைத் தேடுவதுமாகவே வாரம் கழிந்து, எழுத நேரமில்லாமற் போனதுதான். சுயபிரசுரத்தின் கஷ்டம் முழுவதும் அந்த ஒரு முடிவில் அடங்கியிருக்கிறது.

காதல் நாவலுக்கு வாசகியோடு ஓர் ஒப்பந்தம் உண்டு. காதலே கதையின் மையமாக இருக்க வேண்டும். முடிவில் இருவரும் மனம் நிறைந்து சேர வேண்டும். முடிவு தெரிந்திருந்தும் வாசகியை முந்நூறு பக்கம் தவிக்க வைப்பது எளிய வித்தையன்று. பகைவர் காதலராவதும், நிர்ப்பந்தத்தால் மணந்தவர் அன்பு கொள்வதும், பிரிந்தவர் மறுபடி சந்திப்பதும் ஆயிரம் முறை சொல்லப்பட்டவையாயினும், இந்த இருவர் இணைய முடியாமைக்கு இவர்களுடைய சுபாவத்திலேயே காரணம் இருக்குமானால் கதை புதிதாகிவிடுகிறது.

விற்பனையும் இந்த ஒப்பந்தத்திலிருந்தே பிறக்கிறது. கட்டம் போட்ட கம்பளி ஆடை உடுத்த வீரன் அட்டையில் நின்றால் ஸ்காட்லாந்துச் சரித்திரக் காதல், வண்ணச் சித்திரமாக இருந்தால் நகைச்சுவை என்று வாசகி கண்ட மாத்திரத்தில் அறிகிறாள். அட்டை ஒன்று சொல்ல, கதை வேறொன்று சொன்னால் அவள் மன்னிப்பதில்லை. ஒரே குடும்பத்துச் சகோதரர்களுக்கு ஆளுக்கொரு நாவலாக வரிசை அமைத்து, முதல் நூலை 99 சென்ட்டுக்கோ இலவசமாகவோ கொடுப்பார்கள். 99 சென்ட்டில் ஆசிரியருக்குக் கிடைப்பது 35 சென்ட்தான். அடுத்தடுத்த நூல்களே அந்த நஷ்டத்தை ஈடுசெய்யும். நூலின் கடைசிப் பக்கத்தில், மின்னஞ்சல் முகவரி தருவோருக்கு ஒரு சிறுகதை பரிசு என்று அறிவிப்பதும் உண்டு. இவ்வாறு சேரும் முகவரிகளே எழுத்தாளரின் மெய்யான சொத்து என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஏனெனில் மற்றவை யாவும் கடைக்காரரின் சித்தத்தைப் பொறுத்தவை. மாதச் சந்தாவுக்கு வேண்டிய மட்டும் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் திட்டம் 2014ல் வந்தது; அதில் சேரும் மின்னூலைத் தொண்ணூறு நாள் வேறெங்கும் விற்கலாகாது. முதலில் பத்தில் ஒரு பங்கு படிக்கப்பட்டாலே முழுக் கட்டணம் என்றிருந்தபடியால் குறுநாவல்கள் பெருகின. 2015 ஜூலையில் படித்த பக்கங்களுக்கே பணம் என்றானவுடன் நாவல்கள் நீண்டன, சிலர் பழைய நூல்களையெல்லாம் புது நூலின் பின்னே சேர்த்துக் கட்டினார்கள், அதைத் தடுக்க 2018ல் இன்னொரு கட்டுப்பாடு வந்தது. கணக்கு முறை மாறும்போதெல்லாம் கதையின் உருவமே மாறுவது எனக்குக் கவலையளிக்கிறது.

தமிழ் நூல்களுக்குக் கிண்டிலில் 2016 டிசம்பரில் இடம் கிடைத்தது. ரமணிசந்திரனின் காதல் நாவல்களைப் படித்து வளர்ந்த நம் பெண்கள் பலர், இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாகத் தொடர் எழுதி, வாசகியரின் அபிப்பிராயங்களை அன்றன்றே கேட்டறிந்து, கதை முடிந்ததும் தாமே மின்னூலாக்குகிறார்கள். அச்சுப் புத்தகத்தையே விரும்பும் வாசகியருக்காகச் சிலர் அதே கதையைப் பதிப்பகம் வழியே காகிதத்திலும் கொண்டுவருகிறார்கள்.