'டங்கே' சொன்னால் சோறு வராது! சாப்பிட்டுக்கொண்டே ஜெர்மன் பழகுவது எப்படி?

ஜெர்மன் நண்பர் வீட்டில் சாப்பாடு. 'இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?' என்கிறார். நீங்கள் மரியாதையாக 'டங்கே', அதாவது நன்றி என்கிறீர்கள். அவ்வளவுதான், பாத்திரம் அடுத்தவரிடம் போய்விடும்! அந்த இடத்தில் 'டங்கே' என்றால் பெரும்பாலும் 'வேண்டாம்' என்றே அர்த்தம். வேணும்னா 'யா, கெர்ன' என்று சொல்லணும்.

வேலைக்காக ஜெர்மனி போகும் நர்ஸ், இன்ஜினீயர்கள் பி1, பி2 தேர்வில் பாஸ் ஆனாலும் தடுமாறுவது இங்கேதான். இதற்கு உதவுவது 'டேண்டம்' முறை. இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிளின் பெயர் அது. அவர் உங்களுக்கு ஜெர்மன், நீங்கள் அவருக்குத் தமிழோ ஆங்கிலமோ. ஃபீஸ் கிடையாது.

எப்படிப் பேசுவது?

* நேரத்தைச் சரிபாதியாகப் பிரியுங்கள். அரை மணி ஜெர்மன், அரை மணி உங்கள் மொழி. கலந்து பேசினால் சுலபமான மொழியே ஜெயிக்கும்.

* வாக்கியத்துக்கு வாக்கியம் திருத்தினால் பேச்சே நின்றுவிடும். தவறுகளைக் குறித்துவைத்துக் கடைசியில் சொல்லுங்கள்.

* ஹோட்டலில் 'ட்ஸுஸாமன் ஓடர் கெட்ரென்ட்?' என்பார்கள். பில் சேர்த்தா, தனித்தனியா என்று கேட்கிறார்கள். அவரவர் பில்லை அவரவர் கொடுப்பது அங்கே சகஜம், கஞ்சத்தனம் இல்லை.

பதிலுக்கு அவருக்கும் ஒன்று சொல்லிக்கொடுங்கள்: நம்ம ஊர் விருந்தில் 'போதும்' என்றால் மட்டும் போதாது, இலையைக் கையால் மறைக்கணும்!