பெயர் சொன்னால் மாறும் பண்பு

கணிப்பொறித் திரையில் காணும் பொத்தான், எழுத்துப் பெட்டி, அட்டவணை ஆகிய ஒவ்வொன்றும் டெல்ஃபியில் ஓர் உறுப்பு. உறுப்புக்கு நிறம், அகலம் எனப் பல பண்புகள் உண்டு. வடிவமைக்கும்போதே இவற்றின் மதிப்பை அமைத்துவிடலாம். நிரல் ஓடுகையில் மாற்றவேண்டி வந்தால் என் செய்வது? அதைப் பற்றியே எழுத விழைகிறேன்.

1970-ல் சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லாஸ் விர்த் வெளியிட்ட பாஸ்கல் மொழி கண்டிப்பு மிக்கது. எண்ணுக்குரிய இடத்தில் எழுத்தை வைத்தால் தொகுப்பி ஏற்காது. 1995-ல் போர்லண்ட் நிறுவனம் வெளியிட்ட டெல்ஃபியும், இலவசமாகக் கிடைக்கும் லாசரஸும் அம்மரபில் வந்தவை.

கல்வராயன் மலை வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் படிக்க வரும் மலையாளிப் பழங்குடி மாணவர் ஒருவரின் சேர்க்கைப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். கோட்டாட்சியர் வழங்கிய சாதிச் சான்றிதழின் எண் அதில் உண்டு. சரிபார்த்தபின் அதில் எவரும் கை வைத்தலாகாது. ஓர் இலக்கம் மாறினும் உதவித்தொகைக்கு அலைய நேரும். ஆகவே படிவத்தின் 40 பெட்டிகளுக்கும் 'ரீட்ஒன்லி' பண்பை 'ட்ரூ' ஆக்கவேண்டும்.

நாற்பது வரி எழுதலாம், சலிப்பான வேலை. ஒரே சுழற்சியில் அடக்கலாமெனில், உறுப்புகளுக்கெல்லாம் தாயான 'டிகாம்பொனென்ட்' வகுப்புக்கு அப்பண்பே கிடையாது. எழுத்துப் பெட்டிக்கு உண்டு, தரவு அட்டவணைக்குத் தனியே உண்டு, பொத்தானுக்கு இல்லை.

இங்கேதான் 'டைப்இன்ஃபோ' அலகு கைகொடுக்கிறது. 'பப்ளிஷ்டு' பகுதியில் அறிவிக்கப்பட்ட பண்புகளின் பெயரும் வகையும் இயங்கு நிரலுக்குள்ளேயே பதிந்திருக்கும். சுழற்சியில் ஒவ்வோர் உறுப்பிடமும் 'இஸ்பப்ளிஷ்டுப்ராப்' கொண்டு 'இப்பண்பு உனக்கு உண்டா?' எனக் கேட்கிறோம். உண்டெனில் 'செட்ப்ராப்வேல்யூ' கட்டளைக்கு உறுப்பு, பண்பின் பெயர், மதிப்பு மூன்றையும் தந்தால் முடிந்தது. லாசரஸில் 'வேரியன்ட்ஸ்' அலகையும் சேர்க்கவேண்டும்.

ஆனால், பண்பின் பெயர் இப்போது வெறும் சொல்லாக மேற்கோள் குறிக்குள் அடைபட்டுவிட்டது. தொகுப்பி அதனுள் எட்டிப் பார்ப்பதில்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதம் பொருட்டன்று. ஓர் எழுத்து விடுபட்டாலோ, எல்லா உறுப்புகளும் 'எனக்கு இல்லை' என்றே விடையளிக்கும். சுழற்சி அமைதியாக முடியும். பிழைச் செய்தி வராது. ஒரு பெட்டிகூடப் பூட்டப்பட்டிராது! அந்தக் கேள்வியை நீக்கிவிட்டால் தவறான பெயர் உடனே அகப்படும். ஆனால் சரியான பெயரைத் தந்தாலும் முதல் பொத்தானிலேயே நிரல் நின்றுவிடும்.

இன்னொன்று: டெல்ஃபியின் 'காம்போபாக்ஸ்' பட்டியலுக்கு 'ரீட்ஒன்லி' கிடையாது. மாணவரின் இனத்தைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இவ்வகைப் பட்டியலில்தான். சான்றிதழ் எண்ணைப் பூட்டிவிட்டு இனத்தைத் திறந்து வைப்பதில் பயன் என்ன? அதற்கு 'எனேபிள்டு' பண்பை 'ஃபால்ஸ்' ஆக்கவேண்டும்.

ஆதலால் நான் சுழற்சிக்குள் ஓர் எண்ணி வைப்பேன். பூட்டிய பெட்டிகள் 40-க்குக் குறைந்தால் 'சேமி' பொத்தானை முடக்கிவிடுவேன். அந்த ஒரு பொத்தானுக்கு மட்டும் பண்பை மேற்கோளின்றி நேராகவே எழுதுவேன். அங்கே தொகுப்பியின் காவல் உண்டு.