தொலைந்த சுருளும் திரும்பாத சுமையும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கருநாடக எல்லையை அடுத்து அமைந்த ஊர் தளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் ஊர் அது. கிறிஸ்தவ சமயத்தில் 'இரட்சிப்பு' என்று தமிழர் கூறுவதைத் தெலுங்கர் 'ரக்ஷண' என்பர். கன்னடியர் 'ரக்ஷணெ' என்பர். மூன்று சொற்களும் ஒரே வேரிற் பிறந்தவை. காத்தல் என்பதே மூன்றுக்கும் அடிப்படைப் பொருள். ஆயினும், காக்கப்பட்டோம் என்னும் உறுதியைக் குறிக்கக் கன்னடத்தார் வழங்கும் சொல்லொன்று தமிழ்ச் செவியைச் சிறிது மயக்கும். 'பரவசெ' என்பது அச்சொல். அதன் பொருள் நம்பிக்கை, திடம் என்பதாம். தமிழிலோ 'பரவசம்' என்றால் தன்னை மறந்த இன்பநிலை. ஒலியால் இரண்டும் அண்டை வீட்டார். பொருளால் வெவ்வேறு குலத்தார்.

இரட்சிப்பின் நிச்சயம் என்னும் கொள்கையை ஆராயப் புகுவோர் முதலில் தெளியவேண்டியதும் இவ்வேறுபாடேயாகும். நிச்சயம் என்பது பரவசமா? பரவசெயா? உள்ளத்தில் எழும் களிப்பா? அல்லது, களிப்பு எழுந்தாலும் எழாவிட்டாலும் நிலைநிற்கும் நம்பிக்கையா? இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. தொழுகையில் நெடுநாள் ஈடுபட்டும் உள்ளம் உருகாதவர் பலர். ஒருநாள் உருகி, மறுநாள் வறண்டு, 'நான் கைவிடப்பட்டேனோ' என்று இரவெல்லாம் கலங்குவோரும் உண்டு. அவர்களுக்கு இது வாழ்வும் சாவும் பற்றிய வினா.

இவ்வினாவைத் தமிழிற் காப்பியமாக்கித் தந்தவர் எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை. அவர் 1827-ஆம் ஆண்டில் நெல்லை நாட்டில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்தார். கம்பன் கவியில் தோய்ந்து வளர்ந்தார். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணிபுரிந்தார். 1858-ஆம் ஆண்டில் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. 1900-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். ஆங்கிலத்தில் ஜான் பனியன் எழுதி 1678-ஆம் ஆண்டில் வெளியிட்ட பயணக் கதையே அக்காப்பியத்தின் மூலம். உரைநடையில் அக்கதையைத் தமிழர் 'மோட்ச பிரயாணம்' என்னும் பெயரால் அறிவர்.

மூலநூலாசிரியரின் வாழ்க்கையைச் சிறிது காண்போம். பனியன் 1628-இற் பிறந்தவர். ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளர். ஒருநாள் பெட்போர்டு நகரத்துத் தெருவொன்றில், வாயிற்படியில் வெயில் காய்ந்தபடி ஏழைப் பெண்கள் மூவர் நால்வர் இறைவனைப் பற்றி உரையாடுவதைக் கேட்டார். அவர்கள் பேச்சில் இருந்த அமைதி தம்மிடம் இல்லை என உணர்ந்தார். அன்று முதல் நிச்சயத்தைத் தேடி அலைந்தார். 'எனக்கு விசுவாசம் உண்டா என்பதை எவ்வாறு அறிவேன்?' என்று ஏங்கியவர், சாலையிற் கிடந்த குட்டைகளைப் பார்த்து, 'வற்றிவிடுக' எனக் கட்டளையிட்டுத் தம்மைச் சோதிக்கலாமா என்றுகூட எண்ணினார். குட்டை வற்றாவிடின் தமக்கு விசுவாசமே இல்லை என்று முடிவாகிவிடுமே என்னும் அச்சத்தால் அச்சோதனையை நடத்தாது விட்டார். இவற்றையெல்லாம் 1666-இல் வெளியான தம் வரலாற்று நூலில் அவரே எழுதியுள்ளார்.

பல ஆண்டுகள் கலங்கிய பின்னர் அவருக்குத் தெளிவு பிறந்தது. ஒருநாள் வயல்வழியே நடந்து செல்கையில், தம்மை நீதிமானாக்கும் நீதி தம் நெஞ்சுக்குள் இல்லை, விண்ணில் கிறிஸ்துவினிடத்தில் இருக்கிறது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் உதித்தது. தம் மனநிலை நன்றாயிருந்தால் அந்நீதி கூடுவதுமில்லை. மனநிலை கெட்டால் அது குறைவதுமில்லை என்று கண்டார். கட்டு அவிழ்ந்தது போன்ற விடுதலை உண்டாயிற்று. களிப்பும் உண்டாயிற்று, ஆனால் களிப்பு பின்னே வந்தது, உறுதி முன்னே நின்றது. அரசின் இசைவின்றிப் போதித்த குற்றத்துக்காக அவர் 1660 முதல் 1672 வரை சிறையிருந்தபோது அவரைத் தாங்கியதும் அவ்வுறுதியே.

இவ்வனுபவத்தைப் பனியன் தம் கதையில் அமைத்த திறம் கருதத்தக்கது. யாத்திரிகன் முதுகிற் பெருஞ்சுமையுடன் புறப்படுகிறான். சிலுவையின் முன் வந்ததும் அச்சுமை தானே கழன்று உருண்டு, கீழேயுள்ள கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. ஒளிமேனியர் மூவர் தோன்றி, மன்னிப்பைக் கூறி, புத்தாடை உடுத்தி, நெற்றியில் அடையாளமிட்டு, முத்திரை பதித்த சுருள் ஒன்றையும் அவன் கையிற் கொடுக்கின்றனர். விண்ணக வாயிலில் அச்சுருளைக் காட்டவேண்டும். அச்சுருளே நிச்சயம்.

பின்னர் யாத்திரிகன் ஒரு குன்றின்மேல் ஏறுகிறான். நடுவழியில் நிழற்பந்தர் ஒன்று உண்டு. இளைப்பாற அமர்ந்தவன் உறங்கிவிடுகிறான். சுருள் மடியினின்று நழுவி விழுகிறது. அவன் அறியவில்லை. மேலேறிச் சென்று, ஆபத்து எதிர்ப்பட்டபோது ஆறுதலுக்காக மடியைத் தடவிப் பார்க்கிறான், சுருளைக் காணவில்லை. அழுதுகொண்டு வந்தவழியே திரும்பி, உறங்கிய இடத்திற் கண்டெடுத்து, மீண்டும் நடக்கிறான். ஒருமுறை நடக்கவேண்டிய வழியை மும்முறை நடக்க நேர்ந்ததே என்று வருந்துகிறான்.

இங்கு ஊன்றி நோக்கவேண்டியது ஒன்று உண்டு. சுருள் தொலைந்தது, ஆனால் சுமை முதுகில் மீண்டும் ஏறவில்லை. உடுத்திய ஆடை களையப்படவில்லை, நெற்றியடையாளம் அழியவில்லை. அவன் இழந்தது நிச்சயத்தை, இரட்சிப்பையன்று. நிலத்துக்குரிய பத்திரத்தை எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிற உழவன், இரவெல்லாம் உறங்கான். அவன் துயரம் மெய்; ஆயினும் அந்த இரவில் நிலம் பிறருடையதாகிவிடுவதில்லை. கலக்கமே கைவிடப்பட்டதற்குச் சான்று என்று எண்ணி வருந்துவோருக்கு இக்கதை தரும் மருந்து இதுவே.

சுருளை எவ்வாறு மீண்டும் கண்டெடுப்பது? கதையின் மற்றொரு பகுதி இதற்கு விடை தருகிறது. யாத்திரிகனும் அவன் தோழனும் சந்தேகக் கோட்டையில், அவநம்பிக்கை என்னும் அரக்கனிடம் சிறைப்படுகின்றனர். அடியுண்டு, பட்டினி கிடந்து, உயிரை மாய்த்துக்கொள்ளவும் தூண்டப்படுகின்றனர். நாட்கள் சில சென்றபின், அவர்கள் இறைவேண்டலில் இரவைக் கழித்த வேளையில், தன் மடியிலேயே வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் இருப்பது யாத்திரிகனுக்கு நினைவுக்கு வருகிறது. கதவுகள் திறக்கின்றன. புதியதொரு வெளிப்பாடு அவனுக்கு வந்துதவவில்லை; முன்னரே பெற்றிருந்த சொல்லை அவன் நினைத்தான்; அவ்வளவே. ஜெர்மானிய நாட்டு மார்ட்டின் லூதர், கலக்கமுற்றோர் தம் ஞானஸ்நானத்தை நினைவிற் கொள்ளவேண்டும் என்று போதித்ததும் இக்கருத்துப் பற்றியே. தன்னுள்ளே பார்த்துத் தளர்பவன், தனக்கு அருளப்பட்டதைப் பார்த்துத் தேறுகிறான்.

தமிழ்நாட்டுச் சமயங்களை அறிந்தோர்க்கு இவ்வாராய்ச்சி புதிதாகத் தோன்றாது. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியையோ தாய் கவ்விச் செல்கிறது. இவ்விரு உவமைகளைக் கொண்டு, உயிரின் முயற்சி எவ்வளவு, இறைவனின் அருள் எவ்வளவு என்று வடகலையாரும் தென்கலையாரும் வாதிட்ட வைணவ மண் இது. இரண்டு சமயங்களும் ஒன்றெனக் கூறுவது நம் கருத்தன்று. கேள்வி ஒன்றாயிருக்கிறது என்பதே கூறத்தக்கது. பற்றும் கை தளரும்; பற்றப்படுவோன் தளர்ந்தாலும் தாங்கும் கை தளராது என்பதே கிறிஸ்தவர் கூறும் நிச்சயத்தின் உட்பொருள்.

ஆயினும் திருச்சபையினர் அனைவரும் இதனை ஒருபடித்தாக உரைத்தாரல்லர். திரெந்து நகரிற் கூடிய கத்தோலிக்கத் திருச்சங்கம், தான் அருள்நிலையில் இருப்பதை ஒருவனும் தவறுக்கிடமில்லாத விசுவாச உறுதியோடு அறிய இயலாது என 1547-ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆனால் இறைவனின் இரக்கத்தை ஐயுறலாகாது என்றும், அவர் உதவியில் திடமான நம்பிக்கை வைக்கவேண்டும் என்றும் அச்சங்கமே கூறிற்று. அஃது அஞ்சியது மனிதனின் தற்பெருமையை. ஒரு நூற்றாண்டு கழித்து இலண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றத்தார் வகுத்த அறிக்கை, தவறாத நிச்சயத்தை இவ்வுலகிலேயே அடையலாம் என்றது. ஆனால் மெய்விசுவாசியும் அதற்காக நெடுங்காலம் காத்திருக்க நேரலாம் என்றும், பெற்ற பின்னும் அது பலவாறு அசைக்கப்படலாம் என்றும் ஒப்புக்கொண்டது. ஜான் வெஸ்லி, 1738-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் இலண்டனில், லூதரின் முன்னுரையொன்று வாசிக்கப்படக் கேட்டபோது தம் உள்ளம் வெதுவெதுப்படைந்ததாக எழுதினார். நிச்சயம் ஒவ்வொரு விசுவாசிக்கும் உரிய பேறு என்று போதித்தார். எனினும் அருளினின்று வழுவுதல் கூடும் என்றும் எச்சரித்தார். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் தோன்றிய தென்னிந்தியத் திருச்சபையில், இவ்வேறுபட்ட மரபுகளிற் சில ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தன.

இத்துணை வேற்றுமைக்கிடையிலும் இவர்கள் அனைவரும் ஒருமிக்க வெறுத்தது ஒன்று. அது போலி உறுதி. 'நான் காக்கப்பட்டேன்; இனி எவ்வாறு வாழ்ந்தால் என்ன?' என்பவனின் துணிவை எவரும் நிச்சயம் என்று கொண்டிலர். யோவான் எழுதிய முதல் நிருபம், நித்திய ஜீவன் உண்டென்று விசுவாசிகள் அறியும் பொருட்டே எழுதப்பட்டதாகத் தன்னைக் கூறிக்கொள்கிறது. அந்நிருபமே, உடன்பிறந்தானைப் பகைப்பவன் இருளில் இருக்கிறான் என்றும் கூறுகிறது. நிச்சயம் வேர் எனின், அன்பு அதன் கனி. கனியைக் கொண்டு வேரை நடுவதில்லை. கனியில்லா மரத்தின் வேரை ஐயுறுதல் தவறுமன்று.

கதையின் இறுதியில் ஓர் ஆறு குறுக்கிடுகிறது. அது மரணம். நெடுந்தூரம் நடந்து, பல போர்களை வென்ற யாத்திரிகன் அவ்வாற்றில் இறங்கியதும் நடுங்குகிறான், இருள் சூழ்கிறது, மூழ்கத் தொடங்குகிறான். நிலம் காலில் தட்டுப்படுகிறது என்று தேற்றி, தோழன் அவன் தலையை நீருக்கு மேலே தாங்கி நிற்கிறான். இருவரும் கரையேறுகின்றனர். அவர்களுக்குப் பின்னே வருபவன் அறிவீனன் என்போன். வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரன் அவனைத் துன்பமின்றி அக்கரை சேர்க்கிறான். வாயிலில் சுருளைக் கேட்கின்றனர், மடியைத் துழாவுகிறான், ஒன்றும் இல்லை.

மரணப் படுக்கையின் அருகில் நிற்கும் உறவினர் இவ்விரு காட்சிகளையும் நினைவிற் கொள்வது நலம். அமைதியாக இறந்தார் என்பதால் ஒருவர் நிலையை நாம் அறுதியிட இயலாது; அஞ்சி நடுங்கி இறந்தார் என்பதால் அவர் கைவிடப்பட்டார் என்று கலங்கவும் வேண்டுவதில்லை. அவ்வேளையில் அவருக்கு வேண்டியது ஆராய்ச்சியன்று. தலையை நீருக்கு மேலே தாங்கும் ஒரு கை. நடுக்கம் ஆற்றில் இறங்குவோன் கால்களுக்கு உரியது; உறுதி ஆற்றின் அடித்தளத்துக்கு உரியது. கால் நடுங்கினும் தளம் நடுங்குவதில்லை.